தோட்டக் குழந்தையும் இருமொழிக் கல்வியும்

மலையகத் தமிழர் என்றதும் ஹட்டனும் நுவரெலியாவும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆங்குத் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடத்தலின் தமிழ்மொழி தனக்கென ஒரு பரப்பைப் பெற்றுள்ளது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சப்பிரகமுவவின் நிலை வேறு. இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, தெரணியகலை, யட்டியாந்தோட்டை முதலிய இடங்களில் தேயிலையும் இறப்பரும் வளரும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே சிதறிக் கிடக்கின்றன. லயத்து வாயிலில் தமிழ். வாயிலைக் கடந்தால் கடையிலும் பஸ் வண்டியிலும் வைத்தியசாலையிலும் சிங்களம். இவ்விரு மொழிகளுக்கும் நடுவே நிற்கும் மூன்று வயதுக் குழந்தை எம்மொழியின் வழியாகக் கல்வியுட் புகுதல் வேண்டும் என்பது எளிதில் விடைகூறத்தக்க வினாவன்று.

பாலர் கல்வியில் மொன்ரிசோரி அம்மையாரின் முறை பெயர்பெற்றது. 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் உரோமாபுரியின் சான் லொறென்சோப் பகுதியில் அவர் தம் முதற் 'குழந்தைகள் இல்லத்தை'த் திறந்தார். பெற்றோர் தொழிலுக்குச் சென்றபின் கேட்பாரற்றுத் திரிந்த ஏழைப் பிள்ளைகளே அதன் முதல் மாணாக்கர். அதே 1907ஆம் ஆண்டில் இலங்கையில் கிராமப் பாடசாலைச் சட்டம் பிறந்தது. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையை அது தோட்டத் துரைமார் மேற் சுமத்தியது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவரைப் பற்றி அச்சட்டம் கவலைப்படவில்லை. உரோமாபுரியில் எவ்வயதுப் பிள்ளை கல்வியின் நடுப்பொருளாயிற்றோ, அவ்வயதுப் பிள்ளை தோட்டத்தில் 'பிள்ளைக் காம்பரா'வின் தூளியிலே கிடந்தது.

பிள்ளைக் காம்பரா தோன்றியதன் காரணம் தொழிலின் தன்மையே. வெயிலேறுமுன் மரத்தை வெட்டினாலன்றி இறப்பர்ப்பால் நன்கு வடியாது. கொழுந்தெடுக்கும் பெண்ணும் காலைப் பெரட்டுக்குத் தவறாது செல்லல் வேண்டும். ஆதலின், குழந்தை விடியற்காலையிலேயே ஓர் ஆயம்மாவின் கையில் ஒப்படைக்கப்பட்டது. நெடுங்காலம் அது பாலூட்டும் இடமாகவும் உறங்கவைக்கும் இடமாகவும் மட்டுமே இருந்தது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை முழுதும் பெற்றில. அரசாங்கம் அவற்றை ஏற்கத் தொடங்கியது 1977இலேயாம். இன்று பிள்ளைக் காம்பராக்கள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறியுள்ளன. பெயர் மாறிய அளவுக்கு உள்ளடக்கமும் எல்லா இடத்தும் மாறிற்று எனல் மிகை.

மொன்ரிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப் போரினால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அக்காலத்தில், 1944இல், இலங்கைக்கும் வந்தார். பின்னர் அவர் பெயர் இந்நாட்டில் ஒரு பொதுச்சொல்லாகிவிட்டது. எப்பாலர் பள்ளியும் இன்று 'மொன்ரிசோரி'தான். பெயர்ப்பலகையில் அப்பெயர் இருக்கும். உள்ளே மூன்று வயதுப் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து கரும்பலகையைப் பார்த்துக் கூவிக்கொண்டிருப்பர். அம்மையாரின் முறைக்கு இதனினும் மாறானதொன்றில்லை.

அவர் கொள்கைப்படி, பிறப்பு முதல் ஆறு வயது வரை குழந்தையின் உள்ளம் சூழலிலுள்ள மொழியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். இலக்கணம் கற்பியாமலே இலக்கணம் வரும். ஒரு மொழிக்கு இஃது இயலுமாயின் இரண்டுக்கும் இயலும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு மொழியும் உயிருள்ள ஒருவரின் வாயிலிருந்து, தெளிவாக, தொடர்ந்து வருதல் வேண்டும். பிரெஞ்சு அறிஞர் ரொன்ழா 1913இல் வெளியிட்ட நூலிற் காட்டிய 'ஒருவருக்கு ஒரு மொழி' என்னும் நெறி இதுவே. தந்தை பிரெஞ்சும் தாய் ஜெர்மனும் பேச, அவர் மகன் இரண்டையும் குழப்பமின்றிக் கற்றான். இருமொழிப் பாலர் பள்ளிகளில் இரண்டு ஆசிரியைகள் இருப்பதும் இதனாலேயே. ஒரே ஆசிரியை ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பாராயின் பிள்ளைக்கு இரண்டும் அரைகுறையாகவே எட்டும்.

பொருளைக் காட்டிச் சொல்லைக் கற்பிக்கும் பாடம் மூன்று படிகளை உடையது. முதலில் ஆசிரியை பூவைக் கையிற் கொடுத்து, "இது பூ" என்பார். அடுத்து, பல பொருள்களுக்கிடையே "பூ எது?" என்பார். இறுதியிலேயே "இது என்ன?" என்னும் வினா. மற்றொரு வேளையில், மற்ற ஆசிரியை அதே பூவைக் கொண்டு 'மல' என்னும் சிங்களச் சொல்லை அதே மூன்று படிகளிற் பயிற்றுவார். இங்கே மொழிபெயர்ப்புக்கு இடமில்லை. இரு சொற்களையும் இணைக்கும் பாலம் பூவே. தமிழும் சிங்களமும் வெவ்வேறு மொழிக்குடும்பத்தனவாயினும், வினையை வாக்கிய இறுதியில் வைக்கும் இயல்பு இரண்டுக்கும் பொது. 'அம்மா', 'அக்கா' என்பன இரு வீடுகளிலும் ஒலிப்பவை. தமிழ்க் குழந்தைக்கு ஆங்கிலத்தினும் சிங்களம் எளிதில் வசப்படுதலில் வியப்பில்லை.

எழுத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். தமிழில் ககரம் ஒன்றே வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் உரியது. சிங்களத்தில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்துண்டு. பாறை என்னும் பொருள்தரும் சிங்களச் சொல்லும் காலம் என்னும் பொருள்தரும் சொல்லும் தமிழெழுத்தில் 'கல' என ஒன்றாகவே தோன்றும். சிங்களத்தில் ழகரம் இல்லை. ஆதலின் இரு நெடுங்கணக்கையும் ஒரே மாதத்தில் பிள்ளையின் முன் பரப்புதல் தகாது. பேச்சு இரண்டிலும் ஒருங்கு வளரலாம்; எழுத்து வீட்டுமொழியில் முதலில் வேரூன்றல் நன்று. யுனெஸ்கோ நிறுவனம் 1953இல் வெளியிட்ட அறிக்கையும் தாய்மொழியிலே கல்வி தொடங்குதலையே வற்புறுத்திற்று.

மணல் ஒட்டிய எழுத்தை விரலால் தடவச் செய்வது அம்மையாரின் முறை. விசயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவிக்கும் தமிழருக்கு இது புதிதன்று. சிங்களக் குடும்பங்களிலும் நல்வேளை பார்த்து முதலெழுத்துக் காட்டும் வழக்கம் உண்டு. நம் மரபில் ஒருநாட் சடங்காய் நின்றதை அம்மையார் அன்றாடப் பயிற்சியாக்கினார் எனலாம்.

சில பெற்றோர் பிள்ளையை நேரே சிங்களப் பாலர் பள்ளிக்கு அனுப்புகின்றனர். அவர்களைக் குறைகூறுதல் நேர்மையன்று. உயர்வகுப்புள்ள தமிழ்ப் பாடசாலை தொலைவில். பிரதேச செயலகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் பெரிதும் வழங்குவது சிங்களம். 1987இல் தமிழும் ஆட்சிமொழியாகச் சட்டத்திற் சேர்க்கப்பட்டதாயினும், சட்டப் புத்தகத்திலுள்ள மொழி எழுதுவினைஞரின் மேசைக்கு இன்னும் முழுதும் வந்து சேரவில்லை. ஆயினும், ஐந்து வயதில் தமிழெழுத்தைக் காணாத பிள்ளை பதினைந்தில் அதனைத் தேடி வருதல் அரிது. பாட்டியின் கதை செவியோடு நின்றுவிடும். கோயிலில் ஓதப்படும் தேவாரம் பொருளற்ற ஓசையாகும். சிங்களம் கற்றதனால் நேரும் இழப்பன்று இது. தமிழை ஈடாகக் கொடுத்துச் சிங்களத்தைப் பெற்றதனால் நேரும் இழப்பு. இருமொழிப் பள்ளி இந்தப் பண்டமாற்றைத் தேவையற்றதாக்கும்.

இதற்கு வேண்டுவன இரண்டு மொழிக்கு இரண்டு ஆசிரியைகளும், மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் கலந்திருக்கும் ஓர் அறையுமே. அயற்கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும் அவ்வறைக்கு வருவராயின் ஆசிரியைகளின் வேலை பாதியாகும். அவர்களும் தமிழைக் கொண்டு வீடு திரும்புவர். விலையுயர்ந்த கருவிகள் இன்றியமையாதன அல்ல. எண்ணுவதற்கு இறப்பர் விதைகள் மரத்தடியிலேயே கிடக்கின்றன. பிள்ளை அவற்றைக் குவித்து ஒருமுறை 'பத்து' என்று முடிக்கும். மறுமுறை 'தஹய' என்று முடிக்கும். குவியலில் இருப்பன அதே விதைகள்.