கிலோமீட்டரை நம்பாதீர்கள்: அயர்லாந்து கிராமச் சாலையில் ஒரு நாள் கார்ப் பயணம்

டப்ளினுக்கு வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு நாட்டைச் சுற்றிக் காட்ட நினைக்கும் பிள்ளைகளும், ஒரு வார விடுமுறையில் வந்து இறங்கும் பயணிகளும் போடும் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். காலையில் டப்ளினில் கிளம்பி, மேற்குக் கரையில் 214 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் மோஹர் பாறைகளைப் பார்த்து, பர்ரன் சுண்ணாம்புப் பாறை நிலத்தைச் சுற்றி, கால்வேயில் சாப்பிட்டுவிட்டு இரவுக்குள் வீடு திரும்புவது. மோஹர் சுமார் 270 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் என்று கைப்பேசி சொல்கிறது. போக வர ஏழு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும் என்பதும், அதில் களைப்பு மிகுந்த கடைசி மூன்று மணி நேரம் இருட்டில் வரலாம் என்பதும் அந்தத் திட்டத்தில் இருக்காது. ஒரு நாளுக்கு இது வேண்டாம். மோஹர்தான் வேண்டும் என்றால் கிளேர் பகுதியிலோ கால்வேயிலோ ஓர் இரவு தங்குங்கள்.

நம்மைப் போலவே அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ ஓட்டிப் பழகியவர்களுக்கு இதனால் ஒரு துணிச்சல் வந்துவிடுகிறது. ஆனால் ஆபத்து சாலையின் அகலத்தில் இருக்கிறது. கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளின் பொது வேக வரம்பு நெடுங்காலம் மணிக்கு 80 கிலோமீட்டராக இருந்தது. 2025 பிப்ரவரி 7 முதல் அது 60 ஆகக் குறைக்கப்பட்டது. சாலை விபத்துச் சாவுகளில் பெரும்பகுதி கிராமச் சாலைகளில் நிகழ்வதுதான் இதற்குக் காரணம். அந்த 60-கூட உச்ச வரம்புதான். வளைவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடியாத வேகம் எதுவும், பலகை என்ன சொன்னாலும், கூடுதல் வேகம்தான்.

'போரீன்' என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் ஒற்றைத் தடச் சாலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நடுவில் புல் முளைத்திருக்கும். கெர்ரியிலும் மேற்குக் கார்க்கிலும் இரு பக்கமும் சிவப்புப் பூத்தொங்கும் ஃபியூஷியா வேலி. பார்ப்பதற்கு மெத்தென்று இருக்கும் அந்த வேலிக்குள் பல இடங்களில் கல் சுவர் ஒளிந்திருக்கிறது. எதிரே டிராக்டர் வருகிறது என்று பதறி இடப்பக்கம் ஒடித்தால் முதலில் போவது இடது கண்ணாடி. அடுத்து, புல்லுக்குள் துருத்தி நிற்கும் கல்லில் டயரின் பக்கவாட்டு கிழியும். ஒதுங்கும் இடமோ வயல் வாசலோ யாருக்குப் பக்கமாக இருக்கிறதோ அவர் பின்னால் போய் வழிவிடுவதுதான் அங்குள்ள வழக்கம். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். நேராகப் பின்னால் ஓட்டத் தயக்கம் உள்ளவர் இந்தச் சாலைகளை விட்டு, எண்ணிட்ட வட்டாரச் சாலைகளில் போவதே நல்லது. உங்களுக்குப் பின்னால் உள்ளூர் வண்டி ஒட்டிக்கொண்டு வந்தால், வாய்ப்பான இடத்தில் ஒதுங்கி அதை முன்னே விட்டுவிடுங்கள்.

டப்ளினிலிருந்து ஒரு நாளுக்குப் பொருத்தமானது விக்லோ மலைதான். ராத்ஃபார்னம் வழியாக ஆர்115 சாலையில் ஏறினால் சாலி கேப் கணவாய். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சிக்குப் பிறகு, மலையில் பதுங்கியவர்களைப் பிடிக்கப் பிரிட்டிஷ் அரசு போட்ட ராணுவச் சாலை இது. அங்கிருந்து கிளென்மக்னாஸ் அருவி, லாரா, பழைய மடாலயம் நிற்கும் கிளெண்டலாக். திரும்பும்போது விக்லோ கேப் கணவாய் வழியாக பிளெஸிங்டன். தூரம் சிறியது, ஆனாலும் நிறுத்தி, இறங்கி, ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடந்தால் நாள் நிறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கிளெண்டலாக் வண்டி நிறுத்துமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் காலையிலேயே போய்ச் சேருங்கள். பனிக்காலத்தில் சாலி கேப் மூடப்படுவது உண்டு. மலையோர நிறுத்துமிடங்களில் கார்க் கண்ணாடியை உடைத்துத் திருடுவது பழைய தொல்லை. பாஸ்போர்ட்டையும் பையையும் வண்டியில் விட்டுவிட்டு நடக்கப் போகாதீர்கள்.

தென்மேற்கே கில்லார்னியில் தங்கியிருந்தால் கெர்ரி வளையம் எனும் வட்டச் சாலையோ டிங்கிள் தீபகற்பமோ, இரண்டில் ஒன்றைத்தான் ஒரு நாளில் பார்க்க முடியும். வளையம் 179 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினாலே மூன்றரை மணி நேரம் போகும். சுற்றுலாப் பேருந்துகள் கில்லோர்க்ளின், வாட்டர்வில், ஸ்னீம், கென்மேர் என்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகின்றன. அவற்றுக்கு எதிராகப் போனால் குறுகிய வளைவில் பேருந்தை முகத்துக்கு முகம் சந்திக்க வேண்டும். அவை போகும் திசையிலேயே, அவை கிளம்புவதற்கு முன்னால் கிளம்பிவிடுவதையே புதிய ஓட்டுநருக்குச் சொல்வேன். டிங்கிளின் ஸ்லே ஹெட் வளையம் ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு. அதைக் கடிகார முள் திசையில் சுற்றுங்கள், அரை நாள் ஒதுக்குங்கள். அது ஐரிஷ் மொழி பேசும் வட்டாரம், ஊர்ப் பலகைகள் ஐரிஷில் மட்டுமே இருக்கும். முக்கோணப் பலகையில் 'கேல் ஷ்லீ' என்று இருந்தால் வழிவிட வேண்டும் என்று பொருள்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பர் கடைசியில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மெட் ஏரன் வானிலை மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை தரும். ஆரஞ்சுக்கே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இனி காகித விஷயம். நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பார்வையாளராக வந்தவர் செல்லுபடியாகும் இந்திய உரிமத்தோடு பன்னிரண்டு மாதம் வரை ஓட்டலாம். சர்வதேச அனுமதிச் சீட்டும் கையில் இருந்தால் வாடகை நிறுவனத்தில் கேள்வி குறையும். அங்கே குடியேறியவர் கதை வேறு. இந்திய உரிமத்தைக் கொடுத்து ஐரிஷ் உரிமம் மாற்றிக்கொள்ள முடியாது. எழுத்துத் தேர்வு, பழகுநர் அனுமதி, கட்டாயப் பயிற்சி வகுப்புகள், ஓட்டுநர் தேர்வு என முறைப்படிதான் போக வேண்டும். பழகுநர் தனியாக ஓட்டக் கூடாது. முழு உரிமம் பெற்று இரண்டாண்டு ஆனவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மோட்டார்வேயில் ஏறவும் கூடாது. தெரிந்தே தன் காரைப் பழகுநரிடம் தனியாக ஓட்டக் கொடுக்கும் உரிமையாளரும் 2018 டிசம்பர் முதல் குற்றவாளி. கார்டா எனப்படும் போலீஸார் வண்டியையே பறிமுதல் செய்யலாம். நண்பனுக்கு உதவுவதாக நினைத்துச் சாவியைக் கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

கைப்பேசியைக் கையில் பிடித்தால் 120 யூரோ, வேக வரம்பை மீறினால் 160 யூரோ அபராதம். 150 சென்டிமீட்டர் உயரமும் 36 கிலோ எடையும் எட்டாத குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே சட்ட விரோதம். அதைவிட, குழந்தையின் உயிரோடு விளையாடுவது.

டொனெகால் பக்கம் போகிறவர்கள் எல்லையைக் கவனியுங்கள். வட அயர்லாந்து ஐக்கிய ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது. தடுப்பு இல்லை, சோதனைச் சாவடி இல்லை. வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதுதான் அடையாளம். குளோன்ஸுக்கும் கேவனுக்கும் இடையே ஒரே சாலை பலமுறை எல்லையைத் தாண்டிப் போய் வருகிறது. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு வட அயர்லாந்துக்குள் நுழைய ஐக்கிய ராஜ்ஜிய விசா வேண்டும். ஐரிஷ் குடியிருப்பு அட்டை போதாது. இரு நாடுகளின் கூட்டு விசாத் திட்டத்தின் குறிப்பு பொறித்த குறுகியகால விசா பெற்ற இந்தியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அந்த வசதி இல்லை. கைப்பேசி காட்டும் குறுக்கு வழி உங்களை அறியாமலே சட்டத்தை மீற வைக்கும். வழித்தடத்தைக் கிளம்பும் முன்பே பாருங்கள். வாடகைக் காரை எல்லை தாண்டி ஓட்ட நிறுவனம் அனுமதிக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகைக் காரின் அடிப்படைக் காப்பீட்டில் முதல் ஆயிரம், இரண்டாயிரம் யூரோ சேதம் உங்கள் தலையில்தான் விழும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை பெரும்பாலும் அதில் சேராது. கிராமச் சாலையில் அடிபடுவதும் இவைதான். டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டாலும் காப்பீடு கிடைப்பது அரிது. கடன் அட்டையோடு இலவசமாக வரும் வாடகைக் கார்க் காப்பீடுகள் பல, அயர்லாந்தைப் பெயர் சொல்லி விலக்குகின்றன. அட்டை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளியே தனியாக வாங்கும் காப்பீடு மலிவு. ஆனால் சேதம் ஏற்பட்டால் முதலில் நீங்கள் பணம் கட்டி, பிறகுதான் திரும்பக் கேட்க வேண்டும். வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு சக்கரம், கண்ணாடி, கூரை, எரிபொருள் முள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டப்ளினின் எம்50 மோட்டார்வேச் சுங்கத்துக்குத் தடுப்புக் கட்டை கிடையாது. மறுநாள் இரவு எட்டு மணிக்குள் கட்ட வேண்டும். வாடகை நிறுவனமே கட்டுகிறதா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. பச்சைப் புல்வெளி விரிந்து கிடந்தால் பொது இடம் என்று இறங்கிவிடுகிறோம். அயர்லாந்தில் கிராமப்புற நிலத்தில் விருப்பம்போல் நடக்கும் பொது உரிமை சட்டத்தில் இல்லை. வேலிக்குள் இருப்பது யாரோ ஒரு விவசாயியின் பிழைப்பு. வயல் வாசலை மறித்து வண்டி நிறுத்தினால் அவர் டிராக்டரோ பால் வண்டியோ நகர முடியாது. படம் எடுக்க வேண்டுமென்றால் முறையான நிறுத்துமிடம் வரும்வரை பொறுத்திருங்கள்.

விபத்து நடந்துவிட்டால் நிறுத்தியே ஆக வேண்டும். அவசர எண் 112 அல்லது 999. மலை மீட்பும் கடலோரக் காவலும் அதே எண்ணில் கிடைக்கும். சாலை எண்ணையும் கடைசியாகக் கடந்த ஊரையும் சொல்லுங்கள். பெயர், முகவரி, வண்டி எண், காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றைப் பரிமாறிக்கொள்ளுங்கள். யாருக்காவது காயம் என்றால் கார்டாவிடம் சொல்வது கட்டாயம். ஆட்டை இடித்தாலும் அது ஒருவரின் சொத்து. உரிமையாளர் தெரியாவிட்டால் கார்டாவிடம் சொல்லுங்கள். எதிர் வண்டிக்குக் காப்பீடே இல்லை, அல்லது இடித்துவிட்டு ஓடிவிட்டது என்றால், காயத்துக்கான இழப்பீட்டை அயர்லாந்து மோட்டார் காப்பீட்டாளர் அமைப்பிடம் கோரலாம். காயக் கோரிக்கைகள் நீதிமன்றத்துக்கு முன் இழப்பீட்டுத் தீர்வு வாரியத்துக்குப் போக வேண்டும். எதிர்த்தரப்புக்கு ஒரு மாதத்துக்குள் கடிதம், கோரிக்கைக்கு இரண்டாண்டுக் கெடு. சுற்றுலா முடிந்து ஊர் திரும்பியவர்கள் கோட்டைவிடுவது இந்த ஒரு மாதத்தைத்தான்.

செய்யாத சேதத்துக்கு வாடகை நிறுவனம் பணம் எடுத்துக்கொண்டால், முதலில் எழுத்தில் மறுத்து, சேதத்தின் படத்தையும் பழுதுபார்த்த ரசீதையும் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் கடன் அட்டை வங்கியிடம் அந்தத் தொகையை எதிர்த்து முறையிடுங்கள். போட்டி மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் உதவி எண்ணில் வழி சொல்வார்கள். 2,000 யூரோ வரையிலான நுகர்வோர் வழக்குக்கு மாவட்ட நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை உண்டு. 25 யூரோ கட்டணம், வக்கீல் தேவையில்லை, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.