திருவிழாவில் நாய்களுக்கும் ஒரு தொண்டு

ஸ்காட்லாந்து நாட்டு விழாக்களில் ஆடு மேய்க்கும் நாய்கள் திறமை காட்டிப் பாராட்டுப் பெறுவதுண்டு. நம் பக்கத்து விழாக்களிலோ நாய்க்குக் கிடைப்பது கல்லடியே.

திருப்பதியில் மே மாதம் நடைபெறும் கங்கம்மா ஜாத்திரைக்கு, ரயில்வே அலுவலில் விடுப்புப் பெற்று, சந்திரகிரியிலிருந்து தண்ணீர்ப் பந்தல் தொண்டுக்குச் சென்றோம். மேளவொலியில் மிரண்ட தெருநாய்கள் கடைகளின் அடியில் ஒடுங்கிக் கிடந்தன. ஒதுக்குப்புறத்தில் அவற்றுக்கு மண்சட்டிகளில் நீர் வைத்தோம். சிறுவர்களை அண்டவிடாது காத்தோம்.

ஆயினும் மூன்றாம் நாள், வாலை மிதித்த ஒரு சிறுவனின் கணுக்காலை நாயொன்று கடித்துவிட்டது. கூட்டத்தார் தடியெடுத்தனர், ஒருவர் காயத்தில் பூசச் சுண்ணாம்பு தேடினார். இரண்டையும் தடுத்தோம். சிறுவனைக் குழாயடிக்கு அழைத்துச் சென்று, சவுக்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போடப்பட்டது.

வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. வருமுன் காக்கும் ஊசியை 1885-ஆம் ஆண்டிலேயே லூயி பாஸ்டர் மனிதருக்குப் போட்டுக் காட்டிவிட்டார். இன்றும் உயிரைக் கொள்வது தாமதமே.

நாயை ஏன் அடிக்கலாகாது? கடித்தபின் பத்து நாள் அது நலமாயிருப்பின், கடித்த வேளையில் அதற்கு நோயில்லை எனத் தெளியலாம். ஆனால் அதுவரை ஊசியைத் தள்ளிப்போடலாகாது. அந்நாயைப் பத்து நாளும் கண்காணித்தோம், நலமாகவே இருந்தது. செய்தி கேட்ட தாயின் கண்ணீரே நாம் பெற்ற ஊதியம்.

வரும் விழாவில் நம் குடும்பங்களும் ஒரு சட்டி நீரும் ஒரு கட்டிச் சவுக்காரமும் கொண்டுவர வேண்டுகிறோம்.