தோள் நோவும் தேகாப்பியாசமும்

நம் சரீரத்திலுள்ள மூட்டுகளுள் எத்திசையிலும் தாராளமாய்ச் சுழல வல்லது தோள்மூட்டே. பந்து போன்ற புயவெலும்பின் தலை, ஆழமில்லாத சிறு கிண்ணமொன்றிற் பொருந்தியிருக்கின்றது. அது நழுவாதபடி காப்பவற்றுள் தலையாயவை நான்கு தசைகளும் அவற்றின் நாண்களுமாம். நடுவயதிற்குப்பின் இந்நாண்கள் நைந்து, தலைவாரவும், சட்டையணியவும், ஒருபக்கஞ் சாய்ந்து உறங்கவும் இயலாதபடி நோவு தருதல் பலர்க்கும் நேர்வதே.

இதற்குக் காரணம் யாது? தோளின் மேலுள்ள எலும்புமுனை நாணை உரைஞ்சுவதே காரணமெனக் கருதி, அம்முனையைச் செதுக்கும் சத்திர சிகிச்சையை 1972ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சார்லஸ் நீர் என்பார் விவரித்தெழுதினார். அது பல தேசங்களிலும் பரவிற்று. ஆயின், பிரிட்டனில் 313 நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்று, 2018இல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்த ஆராய்ச்சி வேறொன்றைக் காட்டிற்று. எலும்பு செதுக்கப்பெற்றவரும், கருவியால் உள்ளே பார்த்ததன்றி ஒன்றுஞ் செய்யப்பெறாதவரும் ஏறத்தாழ ஒரே அளவிற் சுகமடைந்தனர்!

அங்ஙனமாயின் ஓய்வே மருந்தோ எனின், அன்று. நாணும் உயிருள்ள பொருளே. அளவறிந்து பாரமேற்றின் அது உறுதி பெறும். வாளா விடின் மெலியும். ஆதலின், முதலிற் சுவரெதிரே நின்று உள்ளங்கையை அதன்மேல் நகர்த்தி உயர்த்திப் பழகுக. பின்னர், முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, ரப்பர்ப் பட்டையொன்றை வெளிப்புறமாக இழுத்திடுக. அதன்பின் சிறு எடையைத் தூக்கி மெல்ல இறக்குக. பயிலுங்கால் சிறிது நோவு தோன்றினும் அஞ்சற்க. மறுநாளும் அது மிகுந்து நிற்குமாயின் பாரத்தைக் குறைத்திடுக. பலன் காணப் பன்னிரண்டு வாரமேனும் பொறுத்தல் வேண்டும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுமோ? 2021இல் வெளிவந்த மற்றொரு பிரிட்டிஷ் ஆராய்ச்சியில் 708 பேர் சேர்ந்திருந்தனர். இயன்முறை வைத்தியரிடம் ஆறுமுறை வரை சென்றவரும், ஒரேமுறை தக்க உபதேசம் பெற்று வீட்டிலேயே பயின்றவரும் ஓராண்டு முடிவில் ஏறக்குறையச் சமமான நலமே எய்தினர். எனவே, எளியவர்க்கும் இவ்வழி எட்டுவதேயாம்.

எனினும், விழுந்து அடிபட்டபின் கையை உயர்த்த இயலாமற்போயினும், நோவோடு சுரங்கண்டாலும், தாமதியாது வைத்தியரை நாடுக. ஏனையோர் நோவுக்கஞ்சிக் கையைக் கட்டிவைத்தல் தகாது. நாடோறுஞ் சிறிது பயிலுதலே தோளுக்கு உறுதியாம்.