படப்பையா, சிங்கப்பெருமாள் கோயிலா?

"ஏம்மா, கடைசி வரைக்கும் வாடகை வீடுதானா?" என்று என் மாமியார் ஒரு நாள் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. சீட்டுப் பணம், என் வளையல்கள், பாங்க் கடன் எல்லாம் சேர்த்தால் சின்னதாக ஒரு வீடு வாங்கலாம் என்று கணக்குப் போட்டோம். சரி, எங்கே வாங்குவது?

கடைசியில் இரண்டு ஊர்கள் மிஞ்சின. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பை, ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள் கோயில். இரண்டிலிருந்தும் ஒரகடத்துக்கு நேர் சாலை. எங்கள் கம்பெனி பஸ் இரண்டு பக்கமும் வரும். விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. படப்பையில் கடைத்தெரு உண்டு, தாம்பரத்துக்கு பஸ் உண்டு. அங்கே குன்றைக் குடைந்த நரசிம்மர் கோயில், கூடவே எலெக்ட்ரிக் ரயில்.

எங்கள் எல்லோருக்கும் படப்பைப் பக்கம் ஒரு வீடு பிடித்துப் போயிற்று. முன்பணம் கொடுக்க நல்ல நாளும் பார்த்தாகிவிட்டது. அதற்கு முதல் வாரம் நான் மட்டும் போய், பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "2015 டிசம்பர்லே இடுப்பளவு தண்ணி! அரிசி டின்னெல்லாம் மிதந்துது" என்று சுவரில் இருந்த கறையைக் காட்டினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. புரோக்கர் மூச்சு விடவில்லையே!

அந்த வருஷம் அடையாறு பெருகி, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியது ஊரறிந்த விஷயம். அதற்காகப் படப்பையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மேடான தெருக்களும் அங்கே உண்டு. ஊர்ப் பெயரைப் பார்த்து வாங்காமல், தெருவைப் பார்த்து வாங்கவேண்டும். அவ்வளவுதான்.

இன்னொரு யோசனையும் வந்தது. கம்பெனி இருக்கும் வரை சரி, அப்புறம்? ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டது. மறைமலைநகர் போர்டு கார் தொழிற்சாலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. கடன் தவணையோ இருபது வருஷம்! வேலை மாறினாலும், மகள் தாம்பரத்தில் கல்லூரிக்குப் போனாலும், ரயில் கைகொடுக்கும் அல்லவா? சிங்கப்பெருமாள் கோயிலையே தேர்ந்தெடுத்தோம். குறை இல்லாமல் இல்லை. சமையலறை சின்னது, மாமியாரின் டாக்டர் தூரமாகிவிட்டார்.

வீடு தேடும் சகோதரிகளுக்கு நான் கற்றுக்கொண்டவை:

* கார்த்திகை மழையில் ஒரு தடவை, அக்னி நட்சத்திரத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஒன்றில் வெள்ளம் தெரியும்; மற்றதில் தண்ணீர்ப் பஞ்சம் தெரியும்.

* போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து துவரம்பருப்பை வேகவையுங்கள். வேக அடம் பிடித்தால் அது கடினத் தண்ணீர். சோப்பும் நுரைக்காது.

* ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா என்று தெரிந்துவிடும்.

* தாய்ப்பத்திரம், விற்பவர் பெயரில் பட்டா, 30 வருஷத்து வில்லங்கச் சான்று, டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அங்கீகாரம் எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். பெரிய புதுக் குடியிருப்பானால் ரெரா பதிவு எண்ணும் கேளுங்கள். வக்கீல் 'சரி' என்று சொல்லும்வரை முன்பணம் வேண்டாம்.

* பக்கத்து வீட்டுப் பெண்களிடம் தவறாமல் பேசுங்கள். புரோக்கர் மறைப்பதை அவர்கள் மறைக்க மாட்டார்கள்.

பால் காய்ச்சிய அன்று மாமியார் என் வெறுங்கையைப் பார்த்துக் கண் கலங்கினார். "வளையல் மறுபடி வாங்கிக்கலாம் அத்தை. வீட்டுக்குள்ளே தண்ணி வந்தா என்ன பண்றது?" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.