சொல்லைத் தந்து சென்றவர்கள்
கலையிலும் பொதுவாழ்விலும் கொழும்புப் பறங்கியர்

நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் சில சொற்களை எண்ணிப் பாருங்கள். உட்காருவதற்குக் கதிரை, உடை வைப்பதற்கு அலுமாரி, முகம் துடைக்கத் துவாய், காலுக்குச் சப்பாத்து, காலையுணவுக்குப் பாண். இவை யாவும் போர்த்துக்கேயர் வழி வந்த சொற்கள். நம் பெரியோர் அலுவலகத்தைக் கந்தோர் என்றனர். மேசையின் இழுப்பறையை லாச்சி என்றனர். உறுதி எழுதுபவரை நொத்தாரிசு என்றனர். இவை ஒல்லாந்தர் வழி வந்தவை. சொற்கள் நம்மோடு தங்கிவிட்டன. அச்சொற்களைக் கொணர்ந்தவர்களின் வழித்தோன்றல்களை நாம் மறந்து வருகின்றோம். அவர்களே பறங்கியர்.

1505ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தனர். 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றினர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்சிகள் மாறினும், இந்நாட்டுப் பெண்களை மணந்து இங்கேயே இல்லறம் அமைத்தோரின் மக்கள் இம்மண்ணின் மக்களாகவே நிலைத்தனர். கொட்டாஞ்சேனையை அடுத்து மேட்டு நிலத்தில் எழுந்து நிற்கும் வொல்வெண்டால் தேவாலயம் அவர்தம் பழைய அடையாளங்களுள் ஒன்று. 1749இல் தொடங்கப்பெற்ற அதன் திருப்பணி 1757இல் நிறைவெய்தியது. அங்குள்ள கல்லறைக் கற்களில் அவர்களின் முன்னோர் பெயர்களை இன்றும் காணலாம்.

கலப்பு என்பது குருதியில் மட்டும் நிகழ்ந்ததன்று. மட்டக்களப்பிலே பறங்கிக் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் பேசப்படும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் சொற்கள் பெரும்பாலும் போர்த்துக்கேயம். வாக்கிய அமைப்போ நம் தமிழைப் போன்றது. வினைச்சொல் இறுதியிலே வந்து நிற்கும். நான்கு நூற்றாண்டுகளாக அயலில் வாழ்ந்த தமிழ், அம்மொழியின் எலும்புக்கூட்டிலேயே புகுந்துவிட்டது. நாம் அவர்களிடம் சொல்லைப் பெற்றோம். அவர்கள் நம்மிடம் இலக்கணம் பெற்றனர்.

பொதுவாழ்வில்

இச்சமூகத்தின் தொகை என்றும் சிறிதே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாடு முழுவதிலும் ஏறத்தாழ 38,000 பேரே இருந்தனர். ஆயினும் அவர்கள் ஆற்றிய பணி தொகையைக் கடந்து நிற்கின்றது.

மாத்தறையிலே 1829இல் பிறந்த சாள்ஸ் அம்புறோஸ் லொறென்ஸ், வழக்கறிஞராகவும் சட்டசபை உறுப்பினராகவும் விளங்கினார். 1859இல் நண்பர்களுடன் சேர்ந்து ‘சிலோன் எக்ஸாமினர்’ பத்திரிகையை வாங்கி, இந்நாட்டவர் குரல் ஒலிக்கும் ஏடாக நடத்தினார். நாற்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்த அவர் 1871இல் மறைந்தார். நில அளவைத் திணைக்களத்தில் பணியாற்றிய ஆர். எல். புறோகியர், காடு மூடிக் கிடந்த பண்டைக் குளங்களையும் வாய்க்கால்களையும் ஆராய்ந்து, 1930களில் பெருநூலாக வெளியிட்டார். கொழும்பு மத்திய தொகுதியின் உறுப்பினராக 1947 முதல் 1977 வரை பாராளுமன்றத்தில் வீற்றிருந்த பீற்றர் கெனமன், தொழிலாளர் பக்கம் நின்ற பொதுவுடைமைத் தலைவர். சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்ற சட்டம் 1956இல் வந்தபோது, அவர்தம் கட்சி அதனை எதிர்த்தது.

கலைத்துறையில்

கலையுலகில் முதற்கண் நினைக்கத்தக்கவர் லயனல் வென்ட். 1900இல் கொழும்பில் பிறந்த இவர் சட்டம் பயின்றவர், பியானோ வாசிப்பதில் வல்லவர், புகைப்படக்கலையில் இணையற்றவர். ‘சிலோனின் பாட்டு’ என்னும் 1934ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் ஒலிக்கும் குரல் இவருடையது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடா, 1929இல் தம் நாட்டுத் தூதரக அலுவலராகக் கொழும்பு வந்து, நம் வெள்ளவத்தைக் கடலோரத்திலே குடியிருந்தார். தனிமையில் வாடிய அவ்விளைஞருக்கு வென்ட் வாரந்தோறும் சைக்கிளில் ஆளனுப்பி, மூட்டையாக நூல்களைச் சேர்ப்பித்தார். நெரூடா இதனைத் தம் நினைவுக்குறிப்புகளில் நன்றியுடன் எழுதியிருக்கின்றார்.

வென்டின் இல்லத்திலேதான் 1943இல் ஓவியர் கூட்டமொன்று பிறந்தது. ‘நாற்பத்து மூன்று குழு’ என்று பெயர்பெற்ற அதில் சிங்களவரும் பறங்கியரும் இணைந்து நவீன ஓவியத்துக்கு வழிவகுத்தனர். அக்குழுவின் ஜோர்ஜ் கீற், கண்டியிலே பிறந்த பறங்கியர். பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் புத்தர் பெருமான் வரலாற்றைத் தீட்டினார். ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் ஆக்கினார். 1944இல் வென்ட் மறைந்தபின், அவர் வாழ்ந்த மனையிடத்திலே 1953இல் எழுந்த அரங்கம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பிரிவும் எஞ்சியதும்

1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் தமிழரைப் பாதித்த வரலாற்றை நாம் அறிவோம். ஆங்கிலத்தையே வீட்டுமொழியாகக் கொண்ட பறங்கியரையும் அது வாட்டியது என்பதைப் பலர் அறியார். புகையிரதப் பகுதியிலும் தபால் பகுதியிலும் கந்தோர்களிலும் உழைத்து வந்தோர், தம் பிள்ளைகளுக்கு இங்கு வாழ்வில்லை என்று கருதினர். ஆயிரக்கணக்கானோர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். அக்காலத்தில் அந்நாடு வெள்ளையரையே விரும்பியது. ஆகவே ஐரோப்பிய வம்சாவளியைக் காட்டியே அவர்கள் உள்நுழைய வேண்டியிருந்தது. சொந்த நாட்டிலே மொழி கேட்கப்பட்டது. போன நாட்டிலே நிறம் கேட்கப்பட்டது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் அவர்கள் வாழ்ந்த வீடுகள் பல கைமாறின. அரசியல்வாதிகளைக் கேலிச்சித்திரத்தால் நகைக்கச் செய்த ஓப்ரி கொலெற்றும் போனவருள் ஒருவர்.

எஞ்சியோருள் நம் நன்றிக்குரியவர் கவிஞர் ஜீன் அரசநாயகம். கண்டிப் பறங்கிக் குடும்பத்தில் பிறந்து, யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்தார். 1983 ஆடி வன்செயலில் அவர் தம் குடும்பத்தோடு அகதி முகாமில் தஞ்சம் புகுந்தார். பிறப்பால் தமக்கு வராத துன்பத்தை உறவால் ஏற்று, அதனை ஆங்கிலக் கவிதையாக்கி உலகறியச் செய்தார். 2019இல் காலமானார். கொழும்பில் 1943இல் பிறந்து கனடாவிலே வாழும் மைக்கேல் ஒண்டாச்சி, 1992இல் புக்கர் பரிசு பெற்றார். அப்பணத்தைக் கொண்டு தம் தாயின் குடும்பப் பெயரால் இலங்கை ஆங்கில எழுத்தாளருக்குக் ‘கிராட்டியன் பரிசு’ நிறுவினார். அவர் குலத்தின் மூதாதை ஒல்லாந்தர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த வைத்தியர் என்பது அக்குடும்ப வழக்கு. பறங்கியர் என்று நாம் அயலாக்கி வைத்தோருள்ளும் நம் உறவினர் உண்டு போலும்!

தூய குலம், தூய மொழி என்று பேசுவோர் நம்மிடையேயும் உளர். இம்மக்களின் வரலாறு அவர்களுக்கு ஒன்று கூறுகின்றது. இரு கரைகளையும் அறிந்தவர்களே இந்நாட்டின் பழங்குளங்களை ஆராய்ந்தனர், விகாரையில் ஓவியம் தீட்டினர், நம் துயரைப் பாடினர். நீ எந்தக் கரையினன் என்று ஒரு நாடு வற்புறுத்திக் கேட்கும்போது, அத்தகையோரே முதலில் விடைபெறுகின்றனர். இன்று நம் பிள்ளைகள் தொரொன்ரோவிலும் மெல்பேணிலும் இலண்டனிலும் இரு மொழிகளுக்கிடையே வளர்கின்றனர். அவர்களைக் குறையுடையோராகக் கருதாமல் வாழ்த்தி வளர்ப்பதற்குப் பறங்கியர் வாழ்வு நமக்கு நல்ல பாடமாகும். பாடசாலை மாணவர் இப்பெயர்களைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாராக.