மரம் செதுக்கும் எந்திரம் ஏன் நடுங்குகிறது?

துணி துவைக்கும் எந்திரம் பிழியும் வேளையில் தடதடவென்று ஆடி, ஒரு சாண் தூரம் நகர்ந்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏன் அப்படி ஆடுகிறது? நான்கு கால்களில் ஒன்று தரையைத் தொடாமல் இருக்கும். அல்லது உள்ளே துணி ஒரு பக்கமாகச் சுருண்டு கிடக்கும். எந்திரத்தின் மேல் குற்றம் இல்லை. அது நிற்கும் நிலையிலும் நாம் போட்ட சுமையிலும்தான் குற்றம். இந்தச் சிறிய உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என்னிடம் தோட்டப் பள்ளியில் படித்த மாணவன் ஒருவன் இப்போது சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு தாமானில் குடியிருக்கிறான். தொழிற்சாலையில் வேலை. அவன் தாயார் முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். ஓவர்டைம் காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, கணினியின் சொற்படி மரம் செதுக்கும் சி.என்.சி. எந்திரம் ஒன்றை வாங்கி, வீட்டின் பின்புறத்தில் வைத்தான். பெயர்ப் பலகை, சாமி மாடம் என்று செய்து விற்றால் குடும்பத்துக்கு நாலு காசு சேரும் என்பது அவன் கணக்கு.

முதல் வேலை புதுமனை புகுவிழா வீட்டுக்கு ஒரு பெயர்ப் பலகை. எந்திரத்தை ஓட்டினான். வீடே அதிர்ந்தது. நேர்கோடுகள் ஓரளவு வந்தன. ஆனால் நம் தமிழ் எழுத்தில் நேர்கோடு எத்தனை? சுழியும் வளைவும்தானே அதிகம்! அந்த வளைவுகளின் ஓரமெல்லாம் மீன் செதில் போல வரிவரியாக வந்தது. மூன்று பலகைகள் வீணாயின. இரண்டு பிட் முறிந்தது. பக்கத்து வீட்டார் சத்தம் தாங்காமல் வந்து கதவைத் தட்டினார்கள்.

"வந்த விலைக்கு வித்துடப் போறேன் சார்" என்று என்னிடம் சொன்னான்.

அப்போது அவன் தாயார் வீணான பலகையை எடுத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல என்னா அதிசயம்? பிடி தளர்ந்தா கத்தி துள்ளத்தான் செய்யும். பால் வெட்டுறப்போ நாங்க பார்க்காததா?" என்றார்.

நான் எஞ்சினியர் அல்லன். பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஆசிரியன். ஆனாலும் சொல்கிறேன், அந்த அம்மா சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

நடுக்கம் எப்படிப் பிறக்கிறது?

முதலில் எந்திரத்தைத் தெரிந்துகொள்வோம். பாலம் போன்ற ஒரு குறுக்குச் சட்டம். அதில் ஸ்பிண்டில் என்னும் சுழலும் தலை. அதன் நுனியில் பிட் என்னும் சிறிய வெட்டுக் கத்தி. மோட்டார்கள் இந்தத் தலையை இடவலமாக, முன்பின்னாக, மேல்கீழாக நகர்த்துகின்றன. எங்கே, எவ்வளவு நகர வேண்டும் என்பதை எண்களாகக் கணினி சொல்கிறது. எண்களால் எந்திரத்தை ஓட்டும் இந்த முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் 1952ஆம் ஆண்டு செய்து காட்டினார்கள். அன்று அறையை அடைத்து நின்ற பொருள் இன்று சமையல் மேசை மேல் வைக்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. உருவம் சிறுத்தது போலவே எடையும் குறைந்தது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

வெயில் காலத்தில் தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரிகள் ஓடி ஓடி, சாலை முழுவதும் வரிவரியாக மேடு பள்ளம் விழுமே, அதை நினைத்துப் பாருங்கள். முதல் லாரி ஓரிடத்தில் சற்றே துள்ளியது. அதனால் ஒரு சிறு பள்ளம். அடுத்த லாரி அதே பள்ளத்தில் விழுந்து இன்னும் அதிகமாகத் துள்ளியது. பிட்டின் கதையும் இதுவே. அதன் ஒரு வெட்டு விளிம்பு துள்ளினால் மரத்தில் ஓர் அலை பதிகிறது. அடுத்த விளிம்பு அந்த அலை மேல் ஏறி இறங்கும்போது ஒருமுறை தடித்த சீவலும் ஒருமுறை மெல்லிய சீவலுமாக வெட்டுகிறது. வெட்டும் விசை மாறி மாறி வருவதால் துள்ளல் பெருகுகிறது.

இந்தத் தொல்லை புதியதும் அன்று. எந்திரத்தில் உலோகம் வெட்டுவதை ஏறக்குறைய 26 ஆண்டுகள் சோதித்து ஆராய்ந்தவர் அமெரிக்கரான எஃப். டபிள்யூ. டெய்லர். கடைசல்காரர் சந்திக்கும் சிக்கல்களுள் மிகவும் பிடிபடாதது இந்த நடுக்கம்தான் என்று 1907இல் வெளிவந்த தம் ஆய்வுரையில் அவர் எழுதினார். ஆகவே உங்கள் பிள்ளையின் எந்திரம் நடுங்கினால் அவனை மட்டம் தட்டாதீர்கள். பெரிய பெரிய பட்டறைகளிலும் நடுங்கத்தான் செய்கிறது.

தளர்ந்த இடம் எது என்று தேடிப் பிடிப்பதே வைத்தியம். தேட வேண்டிய இடங்கள் ஐந்து. தரையிலிருந்து தொடங்கி மேலே போவோம்.

ஒன்று: கால் ஊன்றும் இடம்

எந்திரம் நிற்கும் மேசையின் ஒரு மூலையைக் கையால் அழுத்துங்கள். ஆடினால் அந்தக் காலுக்கு ஆப்பு வையுங்கள். மேசைக் கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் அடியுங்கள். கீழ்த்தட்டில் இரண்டு மணல் மூட்டை வையுங்கள். எடை கூடினால் ஆட்டம் குறையும்.

எந்திரத்தைத் தடித்த பலகையில் போல்ட்டுப் போட்டு இறுக்குங்கள். அந்தப் பலகைக்கு அடியில், கட்டடச் சாமான் கடையில் கிடைக்கும் சிமெண்டுப் பலகை ஒன்றை வைக்கலாம். இரண்டடிக்கு இரண்டடி அகலமும் இரண்டு அங்குலக் கனமும் உள்ள பலகை சுமார் 40 கிலோ இருக்கும். அதைத் தனியாகத் தூக்க முயல வேண்டாம்.

சிலர் நேராக எந்திரத்தின் காலுக்கே ரப்பர் துண்டு வைக்கிறார்கள். ரப்பர் மேல் நமக்குப் பாசம் உண்டுதான்! ஆனால் ரப்பர் செய்வது, சத்தம் மேசைக்கும் சுவருக்கும் பரவாமல் தடுப்பது. பிட்டின் துள்ளலை அது நிறுத்தாது. ஆகவே ரப்பர் விரிப்பைச் சிமெண்டுப் பலகைக்குக் கீழே போடுங்கள். பக்கத்து வீட்டாருக்கு நிம்மதி. எந்திரமும் பலகையும் ஒன்றோடொன்று இறுகியே இருக்கட்டும்.

இரண்டு: சட்டம்

மின்சாரத்தை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஸ்பிண்டிலைக் கையால் பிடித்து முன்னும் பின்னும், இடமும் வலமும் மெல்ல அசையுங்கள். அசைவு தெரிந்தால், இன்னொரு கையின் விரலை ஒவ்வொரு இணைப்பிலும் வைத்துப் பாருங்கள். தளர்ந்த இணைப்பை விரல் கண்டுபிடித்துவிடும். நடுக்கத்தால் போல்ட்டு தளரும். போல்ட்டு தளர்ந்தால் நடுக்கம் கூடும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்கிப் பாருங்கள். அதற்காகப் பலங்கொண்ட மட்டும் திருகி மரை தேயவும் விட்டுவிடாதீர்கள்.

தலையைக் கீழே வெகுதூரம் இறக்கி வேலை செய்யாதீர்கள். மெல்லிய மரமானால் அதன் அடியில் இன்னொரு பலகையை வைத்து, மரத்தையே உயர்த்துங்கள். தலை சட்டத்தை ஒட்டி இருக்கும்போது உறுதி அதிகம்.

மூன்று: பிட்டும் அதன் பிடியும்

என் மாணவன் கோட்டைவிட்ட இடம் இதுதான். மெல்லிய பிட்டை நீளமாக வெளியே நீட்டிப் பிடித்திருந்தான். ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். வெளியே நீளும் பகுதி இரண்டு மடங்கானால், அதே விசைக்குப் பிட் எட்டு மடங்கு வளையும். பிட்டின் கனம் பாதியானால் பதினாறு மடங்கு வளையும். அதாவது 6 மில்லிமீட்டர் பிட் செய்யும் வேலையில் 3 மில்லிமீட்டர் பிட்டைப் போட்டால், வளைவு பதினாறு பங்கு! ஆகவே வெட்டும் ஆழத்துக்கு வேண்டிய நீளத்தை மட்டும் வெளியே விடுங்கள். பெரிய பகுதிகளைத் தடித்த பிட்டால் வெட்டி முடித்துவிட்டு, நுணுக்கமான இடங்களுக்கு மட்டும் மெல்லிய பிட்டைப் போடுங்கள்.

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலட்டைக் கழற்றித் தூசியைத் துடையுங்கள். சிறிது மரத்தூள் உள்ளே இருந்தாலும் பிட் கோணலாக உட்கார்ந்து, சுழலும்போது வட்டமடிக்கும். பிளக்கைப் பிடுங்கிய நிலையில் கையால் சுற்றிப் பாருங்கள். உள்ளே கரகரவென்றால் பேரிங் தேய்ந்திருக்கலாம். மழுங்கிய பிட்டை மாற்றிவிடுங்கள். மழுங்கிய கத்தியோடு யாராவது பெரட்டுக்குப் போவார்களா?

நான்கு: மரத்தின் பிடி

எந்திரம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மரம் சரியாகப் பிடிபடாவிட்டால் பயன் இல்லை. நடுவில் தாங்கல் இல்லாத மெல்லிய பலகை தப்புப் போல அதிரும். பலகையின் அடிப்பாகம் முழுவதும் தட்டில் படிந்திருக்க வேண்டும். வளைந்த பலகையை முதலில் இழைத்துச் சமப்படுத்துங்கள். கிளாம்பை வெட்டும் இடத்துக்குக் கிட்டத்தில் போடுங்கள்; ஆனால் பிட் வரும் வழியில் வேண்டாம்.

மரமும் காய்ந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பது ரப்பர் மரம். காய்ந்த ரப்பர் மரம் ஒரு கன மீட்டருக்கு 560 முதல் 640 கிலோ வரை இருக்கும். அதிகக் கடினமும் இல்லை, அதிக மென்மையும் இல்லை, செதுக்குவதற்கு ஏற்றது. ஆனால் பூச்சியும் பூஞ்சையும் எளிதில் பிடிக்கும். ஆகவே மருந்தேற்றி உலர்த்திய பலகையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஐந்து: வேகம்

நடுங்குகிறது என்றவுடன் நம்மில் பலர் செய்வது, எந்திரத்தை மெதுவாக நகரச் செய்வது. பல நேரம் அதுவே தவறு. பிட் வேகமாகச் சுழன்றுகொண்டு மெதுவாக நகர்ந்தால், மரத்தை வெட்டாமல் உரசுகிறது. கீச்சென்ற சத்தம், கரிந்த வாசனை, சீவலுக்குப் பதில் மாவு. இவையே அடையாளம்.

கணக்கு எளிது. நிமிடச் சுற்று எண்ணிக்கையை வெட்டு விளிம்புகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அதை ஒவ்வொரு விளிம்பும் எடுக்க வேண்டிய சீவல் கனத்தால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 10,000 சுற்று, 2 விளிம்பு, 0.05 மில்லிமீட்டர் கனம் என்றால், நகர்வு வேகம் நிமிடத்துக்கு 1,000 மில்லிமீட்டர். என் மாணவன் 200இல் ஓட்டிக்கொண்டிருந்தான்! எந்திரம் சிறியது, 1,000 தாங்காது என்றால், சுழற்சியைக் குறையுங்கள். ஒரு தடவைக்கு வெட்டும் ஆழத்தையும் குறையுங்கள். 3 மில்லிமீட்டர் பிட்டுக்கு முதலில் 1 மில்லிமீட்டர் ஆழம் போதும்.

இன்னொன்றும் உண்டு. தொட்டிலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால், சிறு விசையிலும் அது உயர உயர ஆடும். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே 1831இல் படைவீரர்கள் ஒரே சீராகக் கால் வைத்து நடந்தபோது பிராட்டன் தொங்கு பாலம் இடிந்து விழுந்தது. நிமிடத்துக்கு 12,000 சுற்றில் இரண்டு விளிம்புப் பிட் நொடிக்கு 400 முறை மரத்தைத் தட்டுகிறது. அந்தத் தட்டு எந்திரத்தின் சொந்த ஆட்டத்தோடு ஒத்துப்போனால் ஊளையிடும். அப்போது சுழற்சியைப் பத்தில் ஒரு பங்கு கூட்டியோ குறைத்தோ பாருங்கள். பல வேளைகளில் ஊளை சட்டென்று அடங்கிவிடும்.

மூலை திரும்பும்போது மட்டும் உதறினால், முடுக்கத்தைக் குறையுங்கள். ஜி.ஆர்.பி.எல். கட்டுப்பாடு உள்ள எந்திரமானால் 120, 121, 122 எண்ணுள்ள அமைப்புகள் அதற்கானவை.

ஒரு பழைய நோட்டுப் புத்தகம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும். கழிவுப் பலகையில் ஒரு வட்டமும் ஒரு சதுரமும் செதுக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மறுபடி செதுக்குங்கள். தேதி, பிட், சுழற்சி, வேகம், ஆழம், முடிவு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். என் மாணவனுக்கு நான் செய்த உதவி, பள்ளியிலிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கொடுத்தது மட்டுமே.

பெற்றோருக்கும் ஒரு சொல். எந்திரம் ஓடும்போது கண்ணாடி அணியட்டும். கையுறையும் தொங்கும் சால்வையும் விரித்த கூந்தலும் வேண்டாம். சுழலும் தலை இழுத்துக்கொள்ளும். மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே வகைப்படுத்தியுள்ளது. ஆகவே முகமூடி அணிவதும் தூளை உறிஞ்சும் கருவி வைப்பதும் ஆடம்பரம் அல்ல. குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

பன்னிரண்டு நாள் சோதனை. மேசைக் காலுக்கு ஆப்பு, அடியில் சிமெண்டுப் பலகை, குட்டையாகப் பிடித்த பிட், திருத்திய வேகம். இவ்வளவுதான். புதிய சாமான் என்று பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை. நான்காவது பலகை விழாவுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தது. அது ரப்பர் மரப் பலகை.

நம் தாய் தந்தையர் காலத்தில், 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரம் வெட்டுண்டு, பெரும்பாலும் அடுப்புக்கும் சூளைக்கும் விறகாய்ப் போனது. 1980களில் அது மேசை நாற்காலியாகிக் கப்பல் ஏறத் தொடங்கியது. இன்று அதே மரத்தில் நம் பிள்ளைகள் நம் எழுத்தைச் செதுக்குகிறார்கள். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்ட பிறகு, எண்களால் ஓடும் எந்திரங்கள் நம் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல. தொழிற்சாலையில் முதலாளிக்காகப் பழகிய கை, வீட்டில் தனக்காகவும் பழகட்டுமே!

பிள்ளை ஒருவன் எந்திரத்தை விற்கப் போகிறேன் என்று உங்களிடமும் வந்து நிற்கலாம். உடனே விற்கச் சொல்லிவிடாதீர்கள். முதலில் மேசையின் நான்கு கால்களும் தரையில் ஊன்றி நிற்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.