எல்லைச் சோதனையும் போதைப்பொருட் கடத்தலும்

ஒரு நாட்டின் எல்லையில் நிற்குஞ் சுங்கச்சாவடி தொடக்கத்தில் அரசின் வருவாய் கருதியே ஏற்பட்டது. வணிகர் கொணரும் பண்டங்களுக்குத் தீர்வை பெறுதலும், தீர்வைக்குத் தப்புவோரைப் பிடித்தலுமே அதன் தொழில். இக்காலத்திலோ உயிரைப் போக்கும் போதைப்பொருள் நாட்டினுள்ளே புகாவண்ணந் தடுத்தலும் அதன் கடனாயிற்று. இக்கடனை ஆற்றுதற்குச் சட்டம் எவ்வளவு அதிகாரம் அளித்தல் தகும் என்பது குடியியல் பயில்வோர் சிந்தித்தற்குரிய வினாவாகும். ஐக்கிய அமெரிக்க நாடுகளின் சட்ட வரலாற்றைத் துணையாகக் கொண்டு இதனை ஆராய்வாம்.

அந்நாட்டின் முதலாவது காங்கிரசு 1789 ஆம் ஆண்டு யூலை 31 ஆந் திகதி நிறைவேறிய சுங்கச் சட்டத்தின் மூலம், ஐயத்துக்கிடமான கப்பல்களில் ஏறிச் சோதிக்கும் உரிமையைச் சுங்க அதிகாரிகளுக்கு வழங்கியது. அதே காங்கிரசு முன்மொழிந்து 1791 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் நான்காந் திருத்தமோ, நியாயமற்ற சோதனையினின்றும் மக்களைக் காப்பது. இவ்விரண்டும் ஒரே சபையில் எழுந்தமையால், எல்லையில் நிகழுஞ் சோதனையை அத்திருத்தம் தடுக்கவில்லை என நீதிமன்றங்கள் பொருள் கொண்டன. தாய்லாந்திலிருந்து வந்த கடித உறைகளில் எரோயின் கண்டெடுக்கப்பட்ட வழக்கில், அஞ்சலுக்கும் இவ்விதி பொருந்தும் என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1977 இல் தீர்த்தது. ஆயின் எல்லையை விட்டு உள்ளே செல்லச் செல்ல இவ்வதிகாரம் குறுகும். உள்நாட்டு நிலையான சாவடிகளில், குடிவரவு பற்றி வினவுதற்காக வாகனங்களைச் சிறிது நேரம் நிறுத்தலாம் என்று 1976 இல் கூறிய அதே மன்றம், போதைப்பொருளைத் தேடுதற்கென்றே இந்தியானாபொலிசு நகர வீதிகளில் அமைக்கப்பட்ட சாவடிகளை 2000 ஆம் ஆண்டில் முறையற்றன என விலக்கியது.

அதிகாரம் இருப்பினும் அதனை முழுவதும் பயன்படுத்தல் எளிதன்று. 1969 ஆம் ஆண்டு செத்தெம்பர் 21 ஆந் திகதி, சனாதிபதி நிக்சனின் அரசு மெக்சிக்கோ எல்லையில் ஒவ்வொரு வாகனத்தையுஞ் சோதிக்கும் நடவடிக்கையைத் தொடங்கியது. வாகனங்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்றன. எல்லைப்புற நகர்களின் வாணிகந் தளர்ந்தது. மெக்சிக்கோ அரசு முறையிட்டது. மூன்று கிழமைக்குள் அந்நடவடிக்கை கைவிடப்பட்டு, இரு நாடுகளுங் கூடி உழைக்கும் ஏற்பாடாக மாற்றப்பட்டது. நேர்மையான பிரயாணிகள் பல்லாயிரவர் செல்லும் வாயிலில் ஒரு சில குற்றவாளிகளைத் தேடுவதிலுள்ள இடர்ப்பாடு இதனால் இனிது விளங்கும்.

அண்மைக் காலத்தில் இவ்விடர்ப்பாட்டைப் பன்மடங்கு பெருக்கியது பென்ரனில் என்னும் செயற்கை மருந்தாகும். பெல்சிய அறிஞர் போல் யான்சன் வலிநீக்கியாக ஆக்கிய இம்மருந்து எரோயினிலும் ஏறக்குறைய ஐம்பது மடங்கு வலிமையுடையது. இரண்டு மில்லிகிராம் அளவே ஒருவரின் உயிரைப் போக்கப் போதுமானதாகலாம். இக்கணக்கின்படி ஒரு கிலோகிராமில் அத்தகைய அளவுகள் ஐந்து இலட்சம் உள. மூடைகளாக வந்த கஞ்சாவைக் கண்ணாலும், மோப்ப நாயாலும் ஓரளவு கண்டுகொள்ளலாம். ஓர் உறைக்குள் அடங்கும் வெண்பொடியை அங்ஙனங் காண்டல் அரிது. அதனைக் கையாளும் அதிகாரிக்கும் பாதுகாப்பு வேண்டும்.

இந்நிலைக்கு ஏற்ப மூன்று சட்டங்கள் எழுந்தன. 2018 ஆம் ஆண்டு சனவரி 10 ஆந் திகதி கையொப்பமான சட்டம், நுழைவாயில்களிலும் அஞ்சல் நிலையங்களிலும் பயன்படுத்தத்தக்க இரசாயனச் சோதனைக் கருவிகள் முதலியவற்றுக்காக 90 இலட்சம் டொலர் செலவிட இடமளித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் நிறைவேறிய மற்றொன்று, வெளிநாட்டுப் பொதிகளின் அனுப்புநர், பெறுநர், உள்ளீடு பற்றிய விபரங்களை மின்னணு முறையில் முன்கூட்டியே பெறுமாறு அஞ்சற்பகுதியைப் பணித்தது. தனியார் பொதி நிறுவனங்கட்கு முன்னரே இருந்த இக்கடமை அஞ்சற்பகுதிக்கு இல்லாதிருந்தமையே கடத்துவோர் நுழைந்த வழியாகும். 2021 சனவரி 5 ஆந் திகதிச் சட்டமோ, தரைவழி நுழைவாயில்களில் வரும் வாகனங்களையும் சரக்குப் புகைவண்டிகளையும் எஞ்சாது கதிர் ஊடுருவற் பொறிகளாற் சோதித்தற்கு 180 நாட்களுள் திட்டம் வகுக்குமாறு கட்டளையிட்டது. 1969 இல் மனிதக் கையால் ஆகாத காரியத்தைப் பொறியினால், வாணிகந் தடைப்படாமல், முடித்தலே இதன் நோக்கம். பென்ரனிலிற் பெரும்பகுதி காட்டு வழியிலன்றிச் சட்டபூர்வமான நுழைவாயில்களிலேயே பிடிபடுவது இந்நோக்கத்துக்கு வலுவூட்டுகின்றது.

இவற்றின் பயன் யாது? 2019 மே மாதத்தில் சீனாவும் பென்ரனில் வகை மருந்துகள் அனைத்தையுங் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. இவற்றின் பின் அஞ்சல் வழி நேரே வருவது பெரிதுங் குறைந்தது. ஆயின் அதன் மூலப்பொருள்கள் மெக்சிக்கோவை அடைந்து, ஆங்கு மருந்தாக்கப்பட்டு, வாகனங்களில் மறைந்து வரலாயின. மிகையளவு போதைப்பொருளால் 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் அந்நாட்டில் ஒரு இலட்சத்து ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2024 இல் அத்தொகை ஏறக்குறைய 80,000 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சிக்கு எல்லைக்காவல் ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. மாற்று மருந்தும் சிகிச்சையும் பரவியமையும் அறிஞர் காட்டுங் காரணங்களுட் சிலவாம்.

ஆகவே எல்லைச் சோதனைச் சட்டம் மூன்றினை ஒருங்கே நோக்க வேண்டும்: கடத்துவோனின் புதிய வழியை விரைந்து அறிதல், நேர்மையாகச் செல்வோனின் உரிமையையும் நேரத்தையும் மதித்தல், போதைக்கு அடிமையானோனின் நோயைத் தீர்த்தல். அஞ்சற் பொதி பற்றிய விதிகள் சிகிச்சைக்கு வகைசெய்யும் பெருஞ் சட்டமொன்றின் பகுதியாகவே நிறைவேறின என்பது கருதத்தக்கது. வாங்குவோன் உள்ளவரை விற்போன் புதுவழி தேடுவான். வாயிலைக் காத்தல் இன்றியமையாதது. ஆயினும் வாங்குவோனைத் திருத்தாது வாயிலை மாத்திரங் காப்பது அரைப்பணியேயாகும். எஞ்சிய பாதியை மருத்துவரும் ஆசிரியரும் பெற்றோருமே செய்தல் வேண்டும்.